வயதான பிறகு சித்திரத் தன்வரலாறு படிக்கத் தொடங்குவது எப்படி?

படம் போட்ட புத்தகமெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று அறுபது வயது வரை ஒதுக்கியே வைத்திருந்தேன். ஒருவர் தன் சொந்த வாழ்க்கையைக் கட்டம் கட்டமாக வரைந்து சொல்வதுதான் சித்திரத் தன்வரலாறு; ஆங்கிலத்தில் கிராஃபிக் மெமாயர் என்கிறார்கள். முதல் புத்தகத்தை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்று மூடி வைத்தேன். தப்பு என்னுடையது. எழுத்தை மட்டும் படித்திருந்தேன்.

1. உங்களுக்கு நெருக்கமான விஷயத்தை எடுங்கள். முதிய பெற்றோரைப் பார்த்துக்கொண்டவர் என்றால் ராஸ் சாஸ்ட்டின் 'கான்ட் வீ டாக் அபவுட் சம்திங் மோர் பிளசன்ட்?' (2014). அரசியல், வரலாறு பிடிக்குமென்றால் 1979 ஈரான் புரட்சியை ஒரு சிறுமியின் கண்ணால் காட்டும் மர்ஜானே சத்ராபியின் 'பெர்செபோலிஸ்'. இன்னும் 'இது சிறுபிள்ளை சமாச்சாரம்' என்று தோன்றினால் ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்'. அதில் யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்திருப்பார். அவருடைய அப்பா ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் இருந்து மீண்ட கதை. 1992-இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது.

2. வாங்கும் முன் எழுத்தளவைப் பாருங்கள். பெரும்பாலும் கையெழுத்து மாதிரி, பொடிப்பொடியாக இருக்கும். கண் சிரமப்பட்டால் டேப்லெட்டில் பெரிதாக்கிப் படிக்கலாம்.

3. பக்கம் முழுவதையும் முதலில் ஒரு பார்வை பாருங்கள். அப்புறம் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். ஜப்பானியப் படக்கதையான மங்கா என்றால் பெரும்பாலும் வலமிருந்து தொடங்க வேண்டும். ஒரே கட்டத்தில் இரண்டு பலூன் (பேச்சை எழுதும் குமிழி) இருந்தால் மேலே இருப்பதை முதலில் படியுங்கள்.

4. இரண்டு குரல்களைப் பிரித்துக் கேளுங்கள். எனக்குக் கதவைத் திறந்தது இதுதான். பலூனுக்குள் இருப்பது அன்றைக்குப் பேசிய பேச்சு. பெட்டிக்குள் இருக்கும் வரிகள் பெரும்பாலும் வளர்ந்துவிட்ட ஆசிரியர் இன்று திரும்பிப் பார்த்துச் சொல்வது. பத்து வயதுப் பிள்ளையும் அவளே பெரியவளாகிவிட்ட பெண்ணும் ஒரே கட்டத்தில் நிற்கிறார்கள். பழைய ஆல்பத்தைப் புரட்டியபடி நாம் சொல்லும் கதையும் அப்படித்தானே?

5. எழுத்தே இல்லாத படத்தில் நில்லுங்கள். ராஸ் சாஸ்ட் வேடிக்கையாகக் கிறுக்கும் கார்ட்டூன்காரர். புத்தகம் முழுக்க அந்தக் கோணல்மாணல் கோடுதான். அம்மாவின் கடைசி நாட்கள் வரும்போது மட்டும் கோடு மாறிவிடுகிறது: படுக்கையில் கிடக்கும் அம்மாவின் முகம், பக்கத்தில் உட்கார்ந்து அப்படியே பார்த்து வரைந்தது. வேடிக்கை போய்விட்டது, வசனமும் போய்விட்டது. முதல் தடவை அந்தப் பக்கங்களைச் சில நொடிகளில் தள்ளிவிட்டேன். படிக்க ஒன்றும் இல்லையே என்று!

6. முடித்ததும் இன்னொரு தடவை, படங்களை மட்டும் பாருங்கள். கட்டங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தையும் விடாதீர்கள். ஒரு நிமிடமோ பத்து வருடமோ அங்கேதான் கழிகிறது.

இருபது பக்கம் போயும் ஓவியப் பாணி ஒட்டவில்லையா? சரி, வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். எனக்கும் இரண்டு புத்தகங்கள் அப்படிப் பாதியில் கிடக்கின்றன.