ஆறுதல் சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை, குடையாமல் இருங்கள்

வீட்டில் ஒருவர் விபத்திலோ தாக்குதலிலோ பாலியல் வன்முறையிலோ சிக்கி மீண்டு வந்திருக்கிறார் என்றால், என்ன ஆறுதல் சொல்வது என்று யோசிப்பதற்கு முன்னால் எதைச் சொல்லக் கூடாது என்று பாருங்கள். அதிர்ச்சியான சம்பவத்தின் பாதிப்பு மனதைவிட்டுப் போகாமல் நீடிப்பதை டாக்டர்கள் பிடிஎஸ்டி என்பார்கள். அந்தக் கோளாறு யாருக்கு வருகிறது என்று 2000இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சம்பவத்துக்குப் பிறகு ஆதரவு கிடைக்காமல் போனதும் முக்கியமான காரணங்களில் ஒன்றாகத் தெரிந்தது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம் நடந்த ஆய்வுகளோ, நல்ல வார்த்தை தரும் தெம்பைவிடப் பழிச்சொல் செய்யும் சேதம் பெரிது என்கின்றன.

‘அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய்?’, ‘கத்தியிருக்கலாமே?’ பதற்றத்தில் வாயில் வந்துவிடும் கேள்விகள்தான், ஆனால் பாதிக்கப்பட்டவரின் காதுக்கு அது விசாரணை. ஆபத்தில் உடம்பு உறைந்துபோவதும் குரல் எழும்பாததும் தானாக நடப்பவை, தைரியம் இல்லாததால் அல்ல. ‘நீ சொல்வதை நம்புகிறேன், இது உன் தப்பில்லை’ என்று சொன்னால் போதும். அதற்காக ‘எல்லாவற்றையும் கொட்டிவிடு, மனசு லேசாகும்’ என்று குடையவும் வேண்டாம். பேச வற்புறுத்தக் கூடாது என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு உளவியல் முதலுதவிக் கையேடும் சொல்கிறது. அவராகப் பேசும்போது போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

அப்புறம் இந்த அழுகை. அம்மா உடைந்துபோய் அழுகிறார், அடிபட்ட பிள்ளை அவர் தோளைத் தட்டி ‘எனக்கு ஒன்றும் இல்லைம்மா’ என்கிறது. அன்றோடு அந்தப் பிள்ளை வீட்டில் உண்மை பேசுவதை நிறுத்திவிடும், ஏனென்றால் இவர்களைத் தாங்குவதும் இனி தன் வேலை என்று அதற்குப் புரிந்துவிட்டது. அழக் கூடாது என்று சொல்லவில்லை, அழுவதற்கு வேறு ஒரு தோள் தேடிக்கொள்ளுங்கள். அந்தத் தோளிடம்கூட, சம்பந்தப்பட்டவர் சம்மதிக்காமல் நடந்ததை விவரிக்காதீர்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒரு சிக்கல் இருக்கிறது, அதிகம் பாசம் வைத்திருக்கும் வீடுகளில்தான் வருகிறது. விபத்துக்குப் பிறகு வண்டியைத் தொட வேண்டாம், வெளியே போக வேண்டாம், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆரம்பிப்பார்கள். முதல் சில நாட்களுக்குச் சரி. மாதக்கணக்கில் நீண்டால் பயம் குறைய வாய்ப்பே கிடைக்காது. விலக விலகத்தான் அது வளரும். நடந்த சம்பவம் அவர் கையிலிருந்து பறித்தது கட்டுப்பாட்டை. ஆகவே சின்ன முடிவுகளையாவது அவரிடமே விடுங்கள்: ‘தெருமுனை வரை நடக்கலாமா, நான் கூட வரவா, பின்னால் வரவா?’ வேண்டாம் என்றால் இன்றைக்கு விட்டுவிடுங்கள், இரண்டு நாள் கழித்துக் கேட்கலாம்.

கதவு சாத்தும் சத்தத்துக்கே தூக்கிவாரிப் போடும், தூக்கம் கெடும், எரிந்து விழுவார். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணியும். ‘இன்னும் எத்தனை நாள் இப்படியே இருப்பாய்?’ என்ற குத்தல் மட்டும் வேண்டவே வேண்டாம். குறை சொல்லும், எரிச்சல் காட்டும் வீட்டில் சிகிச்சைகூட மெதுவாகத்தான் வேலை செய்யும்.

ஒரு மாதம் தாண்டியும் நிலைமை அப்படியே இருந்தால் மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ போங்கள், அதிர்ச்சியை மையமாக வைத்த பேச்சுச் சிகிச்சை தருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உயிரை விடுவது பற்றிப் பேசினால் மட்டும் மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல், தனியாக விடாமல், உடனே கூட்டிப் போங்கள்.