பெட்ரார்க் வாழ்ந்த மலையூர்: போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியில் வெனிஸுக்குப் போகிற பலர் பக்கத்து நகரமான பதுவாவை ஒரு பகலில் பார்த்து முடித்து, மிஞ்சுகிற ஒரு மணி நேரத்தில் ஆர்க்குவா பெட்ரார்காவுக்கு ஓடிப்போய்த் திரும்புகிறார்கள். முதல் தவறு அதுதான். பதுவாவுக்குத் தென்மேற்கே, பழைய எரிமலைகளின் மிச்சமான யூகானியக் குன்றுகளில் இருக்கும் சின்ன ஊர் இது. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் 1370-இல் இங்கே குடியேறினார். 1374 ஜூலையில், எழுபதாவது பிறந்தநாளுக்குச் சற்று முன்பு, இங்கேயே இறந்தார். ஊர்ப் பெயரோடு அவர் பெயர் சேர்ந்தது 1868-இல். அரசவை, திருச்சபை, தூது என்று வாழ்நாளெல்லாம் ஊர் ஊராக அலைந்தவர் கடைசியில் சந்தடியில்லாத இந்தச் சரிவைத் தேடி வந்தார். ஏன் வந்தார் என்பது அங்கே அரை நாளாவது தங்கினால்தான் பிடிபடும்.

திங்கட்கிழமை போகாதீர்கள். அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம்; திங்களன்று அதற்கு விடுமுறை. மற்ற நாட்களிலும் மதியத்தில் மூடிவிட்டுப் பிறகு திறப்பார்கள். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நேரம் மாறும் என்பதால் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு மொன்செலிச்சேதான் அருகிலிருக்கும் ரயில் நிலையம். அங்கிருந்து பேருந்துகள் குறைவு; திரும்பி வர என்ன வழி என்று தெரிந்துகொள்ளாமல் மலையேற வேண்டாம்.

வீட்டுக்குள் போனதும் பலர் சுவரோவியங்களைப் பார்த்து, பெட்ரார்க் இவற்றுக்கு நடுவே உட்கார்ந்து எழுதினார் என்று உருகுகிறார்கள். அந்த ஓவியங்கள் 16-ஆம் நூற்றாண்டில் வீட்டை வைத்திருந்த ஒருவர் வரையச் செய்தவை. பெட்ரார்க்கின் கவிதைகளிலிருந்தே காட்சிகளை எடுத்திருக்கிறார். வெளிப்படிக்கட்டும் முகப்பு மண்டபமும்கூட அந்த உரிமையாளர் சேர்த்தவைதான். அங்கே வைத்திருக்கும் நாற்காலி கவிஞருடையது என்பது வழிவழியாக வரும் பேச்சு. கண்ணாடிக்குப் பின்னே பதப்படுத்தி வைத்திருக்கும் பூனையும் அவருடையது அல்ல, பிற்காலத்தில் வைத்தது. அதன் கீழே ஒரு லத்தீன் பாடல் இருக்கிறது: கவிஞரின் பெருங்காதல் நான்தான், அவர் கவிதைகளின் நாயகி லாரா எனக்கு அடுத்தபடிதான் என்று பூனையே சொல்வதாக. இதெல்லாம் தெரிந்தால் ஏமாற்றம் வரும் என்று நினைக்க வேண்டாம். இறந்து நூறு, இருநூறு ஆண்டுகள் ஆன பிறகும் ஒரு கவிஞரின் வீட்டை இத்தனை அக்கறையோடு அலங்கரித்த வாசகர்கள் இருந்திருக்கிறார்கள்! எனக்கு அந்த வீட்டில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். கையெழுத்துப் பிரதியைத் தேடுகிறவர்களுக்கு ஒரு செய்தி: அவர் கைபட எழுதிய பக்கங்கள் அடங்கிய கவிதை ஏடு ரோமில், வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. அதிலுள்ள 366 கவிதைகளின் வரிசையைத்தான் கடைசி ஆண்டுகளிலும் மாற்றி அமைத்துக்கொண்டிருந்தார்.

வீடு மேட்டில், கல்லறை கீழே. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. கல்லறை தேவாலயத்தின் முன் திறந்த வெளியில் நிற்கிறது. வெரோனாவின் செந்நிறப் பளிங்கில் செய்து, தூண்கள் மேல் ஏற்றிய பேழை. பெட்ரார்க்கின் மகளுடைய கணவர் 1380-இல் எழுப்பியது. 1630-இல் ஒரு துறவி அதை உடைத்துக் கை எலும்புகளைத் திருடிப் போனார். 2003-இல் பதுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திறந்து பார்த்தபோது, உள்ளே இருந்த மண்டையோடு வேறு யாருடையதோ என்று மரபணுச் சோதனை காட்டியது. இந்தக் கல்லறையைத் தேடித்தான் ஆங்கிலக் கவிஞர் பைரன் வந்தார், கவிதையிலும் எழுதினார். படம் எடுத்த கையோடு நகர்ந்துவிடாமல், ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஒரு கவிதைகூட வாசிக்காமல் போவது. மொழிபெயர்ப்பில் படித்தாலும் போதும். அந்த ஏட்டின் 35-ஆம் கவிதையை முதலில் எடுங்கள். ஆளில்லாத வயல்களில் மெல்ல மெல்ல நடந்து, மனிதக் காலடி தெரிந்தால் ஒதுங்கிப் போகிறவனின் கவிதை அது. ஆர்க்குவாவுக்கு வருவதற்குப் பல காலம் முன்பே எழுதியது. ஆனாலும் அந்தச் சரிவுப் பாதைகளில் நடக்கும்போது இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது.

கல் பதித்த பாதைகள் செங்குத்தானவை, மழையில் வழுக்கும்; நல்ல செருப்பு வேண்டும். குளிர்காலத்தில் கம்பளி ஆடை கட்டாயம். அந்தக் குளிர் பெட்ரார்க்குக்கும் தெரியும்: இரவில் படிக்கும்போது போர்த்திக்கொள்ளக் கதகதப்பான அங்கி வாங்கட்டும் என்று நண்பர் பொக்காச்சியோவுக்கு உயிலில் 50 பொற்காசுகள் எழுதி வைத்தவர் அவர்.

ஊரில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். திறந்திருக்கும் சன்னலெல்லாம் படம் பிடிப்பதற்கல்ல. வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள்.

அமைதி வேண்டுமென்றால் அக்டோபர் மாதத் தொடக்க ஞாயிறுகளை விட்டுவிடுங்கள். அப்போது இலந்தைத் திருவிழா, ஊர் நிரம்பி வழியும். நம் இலந்தைக்கு நெருங்கிய உறவான பழம் அங்கே வீட்டு முற்றங்களில் காய்க்கிறது. அதிலிருந்து இனிப்பான மதுவும் காய்ச்சுகிறார்கள். பழத்தை ருசி பார்க்கவும் வேண்டும், கூட்டமும் கூடாது என்றால் அதே பருவத்தில் வாரநாள் காலையில் போங்கள்.