ரஷ்ய ஆயுதங்களைப் பற்றி எழுதத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாதுகாப்புத் துறைச் செய்திகளுக்குப் புதிதாக வருபவர்களின் கட்டுரைகளைத் திருத்தும்போது, எங்கள் தலைமுறை செய்து சலித்த அதே தவறுகள் வரிசை மாறாமல் வந்து நிற்கின்றன. படத்தை மாற்றிப் போடுவது, எண்ணில் ஒரு சுழியம் விட்டுப்போவது போன்றவற்றை மெய்ப்புப் பார்ப்பவரே பிடித்துவிடுவார் என்பதால், அவரையும் தாண்டி அச்சேறிவிடும் தவறுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

7.62 என்றாலே ஒரே தோட்டா என்று கொள்வது

இந்தத் தவறின் மேல் எனக்குள்ள எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஒரு சிறப்பிதழில், இயந்திரத் துப்பாக்கியின் பட்டியிலிருந்து தோட்டாக்களைக் கழற்றி ஏ.கே. துப்பாக்கியில் நிரப்பிக்கொள்ளலாம், இரண்டும் 7.62 மி.மீ. தானே என்று ஒருவர் எழுதியிருந்தார்; அதை விளக்கிப் படமும் வரையப்பட்டது. அச்சடித்த தாள்கள் கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது அவற்றைப் புரட்டிய ஓய்வுபெற்ற ராணுவத்தினர் ஒருவர், "தம்பி, அந்தத் தோட்டா அதுக்குள்ள போகவே போகாதே" என்று சிரித்தார். அந்தப் பக்கம் அச்சான தாள்கள் அத்தனையும் எடைக்குப் போயின.

7.62 என்பது குழலின் உள்விட்டத்தை மட்டுமே குறிக்கிறது. 1891-ல் ரஷ்யப் படை ஏற்ற மொசின் துப்பாக்கியின் குழல் 'மூன்று லைன்' அளவுடையது. அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு ஒரு லைன் என்பதால் அது 7.62 மி.மீ. ஆகிறது. பிற்காலத்தில் டோக்கரேவ் கைத்துப்பாக்கிக்கும் கலாஷ்நிகோவின் ஏ.கே. துப்பாக்கிக்கும் இதே விட்டம் தொடர்ந்தாலும், தோட்டாவின் உறை, அதாவது வெடிமருந்து அடங்கிய உலோகக் குழாய், ஒவ்வொன்றுக்கும் வேறானது. கைத்துப்பாக்கிக்கு 25 மி.மீ., ஏ.கே.-வுக்கு 39, மொசினுக்கும் டிராகுனோவ் குறிபார் துப்பாக்கிக்கும் பி.கே.எம். இயந்திரத் துப்பாக்கிக்கும் 54 மி.மீ. நீளமுள்ள உறைகள் உண்டு. நேட்டோ நாடுகளின் 51 மி.மீ. தோட்டா இவை எதிலும் சேராத தனி இனம்.

இயந்திரத் துப்பாக்கித் தோட்டாவையும் ஏ.கே. தோட்டாவையும் கையில் வைத்துப் பார்த்தால் குழப்பமே வராது. 54 மி.மீ. உறையின் அடியில் விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அந்த விளிம்பைப் பற்றித்தான் பி.கே.எம். தோட்டாவை முதலில் பட்டியிலிருந்து பின்னோக்கி இழுத்து, அதன் பிறகே குழலுக்குள் தள்ளுகிறது. ஏ.கே. தோட்டாவிலோ துருத்தும் விளிம்பு இல்லை; உறை நுனியை நோக்கி நன்றாகக் குறுகுவதால்தான் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் அதன் மேகசின் அப்படி வளைந்திருக்கிறது. நம் பக்கத்திலும் இந்த இரண்டுக்கும் சான்று உண்டு: திருச்சி படைக்கலத் தொழிற்சாலையின் தாக்குதல் துப்பாக்கி 39-ஐயும், ஆவடியில் உருவாகும் டி-90 டாங்கியில் பீரங்கியோடு இணைந்த இயந்திரத் துப்பாக்கி 54-ஐயும் சுடுகின்றன. ஆகவே விட்டத்தை எழுதும்போது உறை நீளத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். நீளம் தெரியவில்லையென்றால் துப்பாக்கியின் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வளைந்த மேகசின் உள்ளதெல்லாம் ஏ.கே.-47 என்பது

உலகெங்கும் படங்களில் தென்படுவது பெரும்பாலும் 1959-ல் வந்த ஏ.கே.எம். வகையும் அதன் வெளிநாட்டு நகல்களுமே. தகட்டை அழுத்திச் செய்த உடல், மேல் மூடியில் குறுக்கு வரிகள், சாய்வாக வெட்டிய குழல்முனை ஆகியவை அதன் அடையாளங்கள். மேகசினின் வளைவு குறைந்து, குழல்முனையில் பருத்த உருளை தெரிந்தால், அது 5.45 மி.மீ. தோட்டாவைச் சுடும் ஏ.கே.-74.

எல்லாவற்றையும் கலாஷ்நிகோவ் தலையில் கட்டுவது

எஸ்.கே.எஸ். துப்பாக்கியின் வடிவமைப்பு சிமோனோவுடையது, எஸ்.வி.டி. குறிபார் துப்பாக்கியின் வடிவமைப்பு டிராகுனோவுடையது.

உறையின் அடியிலுள்ள எண்ணை அவசரமாகப் படிப்பது

சோவியத் காலத் தோட்டா உறையின் அடியில் பொதுவாக ஆலையின் எண்ணும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். ரஷ்ய நகரங்களில் 17 என்றால் பர்னவுல், 188 நோவோசிபிர்ஸ்க், 539 துலா. ஆனால் 270 என்பது உக்ரைனின் லுகான்ஸ்க். 60 என்பது கிர்கிஸ்தானின் பிஷ்கெக். சோவியத் தோட்டா கிடந்தது என்பதை வைத்து, ரஷ்யா அனுப்பியது என்று தலைப்பிடுபவர்கள் இந்த இரண்டு எண்களையாவது மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

எஸ்-400-ஐ ஏவுகணை என்பது

அது ரேடார், கட்டளை வாகனம், ஏவுவாகனங்கள் எல்லாம் சேர்ந்த வான் பாதுகாப்பு அமைப்பு. அதிலிருந்து பலவகை ஏவுகணைகளைச் செலுத்தலாம்.

அணிவகுப்பில் வந்ததைப் படையில் சேர்ந்ததாக எழுதுவது

அர்மாட்டா டாங்கி செஞ்சதுக்கத்தில் ஓடியது 2015-ல். ரஷ்யப் படையின் சுமையை இன்றும் இழுப்பவை டி-72, டி-80, டி-90 டாங்கிகள்தான்.