4, 6, 8: நிலாவெளிக் கடல்ல சொறி, முருகைக்கல், அனிமனிய எண்ணிப் பிடிக்கிறது எப்பிடி

லீவுக்கு திருகோணமலைக்கு வாற எங்கட சொந்தக்காரப் பிள்ளையள் எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்விதான், முருகைக்கல் (பவளப்பாறைதான்) எண்டது கல்லா செடியா மிருகமா எண்டு. ஏ எல் பயோ படிக்கிற மருமகளே நிலாவெளிக்கு முன்னால கடல்ல இருக்கிற புறாத்தீவில நிண்டு "மாமா இதுக்கு வாய் எங்க" எண்டு கேட்டவள், புத்தகத்தில அம்புக்குறி போட்ட படம் எல்லாம் பாடம், ஆனா தண்ணிக்குள்ள நேர கண்டா ஒண்டும் பிடிபடேல்ல. அவளுக்கு சொல்லிக் குடுத்த வழியத்தான் இதில எழுதுறன், பேர் ஒண்டும் பாடமாக்கத் தேவையில்ல, எண்ணத் தெரிஞ்சா காணும்.

முதல் இத மண்டையில போடுங்கோ. சொறியும் (ஜெலி பிஷ்தான், எங்கட கரைவலைக்காரர் சொறி எண்டுதான் சொல்லுவினம்) முருகைக்கல்லும் கடல் அனிமனியும் ஒரே குடும்பம். மூண்டும் ஒரு பை, பைக்கு ஒரே ஒரு வாசல், சாப்பாடு போறதும் அதால கழிவு வாறதும் அதால, வாசலச் சுத்தி கைகள், கையில கொட்டுற கலங்கள். மூளை இல்ல, இதயம் இல்ல, ரத்தம் இல்ல. அனிமனி அந்தப் பைய வாய் மேல பாக்க கல்லில ஒட்டி வச்சது, சொறி அதையே தலைகீழாக் கவிழ்த்து நீந்த விட்டது, முருகைக்கல் எண்டது ஆயிரக்கணக்கான குட்டி அனிமனி சேந்து கீழ சுண்ணாம்பில வீடு கட்டினது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி எண்ணுவம். கரையிலயே தொடங்குங்கோ, போட் ஏறத் தேவையில்ல. நிலாவெளிக் கரையில செத்த முருகைக்கல் துண்டு கிடக்கும், மரக்கிளை மாதிரி இருக்கிறத விடுங்கோ, அதின்ர குழி ஒரு மில்லிமீற்றர் வரைதான் வரும், கண்ணுக்கு எட்டாது. தேன்கூடு மாதிரி பெரிய குழி உள்ள உருண்டைத் துண்டு ஒண்டத் தேடுங்கோ. ஒவ்வொரு குழியும் ஒரு உயிர் இருந்த வீடு. குழிக்குள்ள நடுவப் பாத்து மெல்லிய தட்டுகள் நிக்கும், சைக்கிள் சில்லில கம்பி நிக்குமே அதே மாதிரி. நகைவேலை செய்யிறவை வச்சிருக்கிற சின்ன லென்ஸ் கிடைச்சா நல்லது, இல்லாட்டி போன் கமராக் கண்ணாடியில ஒரு துளி தண்ணி விட்டு மெல்லமா திருப்பிப் பிடிச்சுப் பாருங்கோ, அதுவே லென்ஸ் வேலை செய்யும் (போன் பழுதானா என்னட்ட வராதீங்கோ). தட்டுகள் 6, 12, 24 எண்டு ஆறின்ர கணக்கில வரும். ஒண்டு ரெண்டு உடைஞ்சு கூடக்குறைய இருக்கலாம், பிறகு பெரிசு சின்னன் எண்டு மாறி மாறி நிக்கும், ஆனா கணக்கு ஆறுதான். பாத்து முடிய துண்ட எடுத்த இடத்திலயே வையுங்கோ. புறாத்தீவு 2003 இல இருந்து தேசியப் பூங்கா, அங்க செத்த கல் எண்டாலும் சின்னத் துண்டு கூட எடுத்துக்கொண்டு வர ஏலாது.

அனிமனியும் ஆறின்ர ஆள்தான், ஆனா கைகள் நூறு கணக்கில போகும் எண்டதால நேர எண்ணி முடியாது. அதுக்கு வேற ஒரு வேலை செய்யலாம். கடல் வத்தேக்க பாறை இடுக்கில தேங்கி நிக்கிற தண்ணியில தேடுங்கோ, மூடிக் கிடக்கேக்க ஆரோ துப்பிவிட்ட ஜெலி மாதிரி ஒரு கட்டிதான், ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டினம். நிழல் விழாம கொஞ்ச நேரம் பேசாம இருந்தா மெல்ல விரியும். பூங்காவுக்கு வெளிய எண்டா ஈர்க்கு நுனியில ஒரு பொட்டு மீன் சதை குத்தி ஒரு கையில படப் பிடியுங்கோ. முதல் அந்தக் கை ஒட்டும், பிறகு பக்கத்துக் கை வளையும், பிறகு எல்லாமாச் சேந்து வாய்ப் பக்கம் தள்ளும், அவசரமே இல்லாம. சின்னனில நான் விரலால தொட்டுப் பாத்திருக்கிறன், பசை மாதிரி ஒட்டும், உண்மையில அது பசை இல்ல, ஆயிரக்கணக்கான குட்டி ஈட்டி என்ர தோல்ல பாஞ்சு உள்ள போக ஏலாம நிண்ட நிலை. இப்ப நான் தொடுறதில்ல, நீங்களும் தொடாதீங்கோ, சில இனம் நல்லாக் கொட்டும்.

அந்த ஈட்டிக் கதையக் கொஞ்சம் விளங்கோணும், ஏனெண்டா கடிபட்டா என்ன செய்யிறது எண்டதே அதில இருந்துதான் வருது. ஒவ்வொரு கொட்டுற கலத்துக்குள்ளயும் ஒரு குட்டிப் பை, அதுக்குள்ள சுருட்டி வச்ச நூல், உள்ள இருக்கிற அமுக்கம் எங்கட காத்து அமுக்கத்தப் போல 150 மடங்கு. தொட்ட உடன மூடி திறந்து நூல் பாயும். இதே குடும்பத்து ஹைட்ராவில (குளத்துத் தண்ணியில இருக்கிற ஒரு குட்டி உயிர்) அளந்து பாத்தவை, 700 நனோசெக்கன், அதாவது ஒரு செக்கன்ர பத்து லட்சத்தில ஒரு பங்கும் இல்ல. இதுக்கு மூளையின்ர உத்தரவு தேவையில்ல, கலம் தானாத்தான் வெடிக்கும், அதாலதான் கரையில செத்துக் கிடக்கிற சொறியும் கொட்டுது, அறுந்த கையும் கொட்டுது.

பள்ளிக்கூட லீவில கரைவலை இழுக்கப் போய் மணிக்கட்டில சொறி சுத்தினது எனக்கு. மாமா பாசத்தில ஓடி வந்து கிணத்துத் தண்ணி ஊத்தி மணலால தேச்சு விட்டார், அதுக்குப் பிறகுதான் உயிர் போற எரிவு. நல்ல தண்ணி பட்டா உப்பு மாறி வெடிக்காமக் கிடந்த மிச்சக் கலமும் வெடிக்கும், தேச்சா அதுவும் வெடிக்கும். செய்ய வேண்டியது இதுதான்: தண்ணிய விட்டு வெளிய வாங்கோ, கடல் தண்ணியாலயே கழுவுங்கோ, ஒட்டின நூல சாமணத்தால எடுங்கோ, பிறகு பொறுக்கக் கூடிய சூட்டில, 42 இல இருந்து 45 பாகை, தண்ணிக்குள்ள 20 நிமிசம் தொடக்கம் 40 நிமிசம் வரைக்கும் அமத்தி வையுங்கோ. பெட்டி மாதிரி நாலு மூலை உள்ள சொறி எண்டா சுடுதண்ணிக்கு முதல் வினாகிரி ஊத்தோணும், அரை நிமிசமாவது. நீலக் குமிழுக்கு (காத்துப் பையோட கடலுக்கு மேல மிதக்கிற, சொறியின்ர சொந்தக்கார உயிர்) வினாகிரி சரியோ பிழையோ எண்டு டொக்டர்மாரே ரெண்டு பக்கம் நிக்கினம், அதுக்கு கடல் தண்ணி போதும். மூத்திரம் வேண்டவே வேண்டாம். மூச்சு முட்டினா, நெஞ்சு நொந்தா, சத்தி வந்தா வீட்டு வைத்தியத்த விட்டிட்டு 1990 க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் காசில்லாம வரும்.

சரி, சொறிய எண்ணுறது நாலு. வலையில வந்தது ஒண்ட கைபடாம அகப்பையால அள்ளி, கண்ணாடிப் பாத்திரத்தில கடல் தண்ணி விட்டு மேல இருந்து பாருங்கோ. நிலாச் சொறி எண்டா நடுவில குதிரை லாடம் மாதிரி நாலு வளையம் தெரியும், அது இனப்பெருக்க உறுப்பு. பெட்டிச் சொறிக்கும் நாலு மூலை, ஆனா அது கண்ணாடி மாதிரி, தண்ணிக்குள்ள தெரியாது, நீங்கள் அதக் காண முதல் அது உங்களக் கண்டிடும், 24 கண் இருக்கு அதுக்கு, மூளை இல்லாம. இன்னொரு விசயம், நிலாச் சொறி பிறக்கேக்கயே இந்த உருவத்தில இருக்கிறதில்ல. முட்டையில இருந்து வாற குஞ்சு ஒரு சிப்பியிலயோ இறங்குதுறைத் தூணிலயோ ஒட்டி, சில மில்லிமீற்றர் உயரத்தில அச்சு அசல் குட்டி அனிமனியா இருக்கும். காலம் வந்தா இடியப்பத் தட்டுகள அடுக்கி வச்ச மாதிரி உடம்பு பிரிஞ்சு, மேல் தட்டில இருந்து ஒவ்வொண்டாக் கழண்டு நீந்திப் போகும், அதுதான் நாங்கள் காணுற சொறி. முருகைக்கல்லும் அனிமனியும் அந்த நீந்துற கட்டத்துக்கே போறதில்ல.

எட்டு எண்டது மெல்லிய முருகை, ரப்பர் மாதிரி ஆடுறது. அதில ஒவ்வொரு உயிருக்கும் எட்டே எட்டுக் கை, கையின்ர ரெண்டு பக்கமும் இறகு மாதிரி.

எண்ண ஒண்டும் அம்பிடாட்டி கவனம். கடுகு நிறத்தில, நுனி வெள்ளையா, குழி இல்லாம ஊசியால குத்தின மாதிரி பொட்டு ஓட்டை மட்டும் இருந்தா அது நெருப்பு முருகை, பேருக்குத்தான் முருகை, உண்மையில ஹைட்ராவின்ர பக்கத்து ஆள், முழங்கால் பட்டா ரெண்டு நாளைக்கு ஞாபகம் இருக்கும்.

புறாத்தீவுக்குப் போறதெண்டா சித்திரை கடைசியில இருந்து புரட்டாதி வரைக்கும் பாத்துப் போங்கோ, வாடை தொடங்கினா கடல் கலங்கி ஒண்டும் தெரியாது. காலமையே போங்கோ, சனம் குறைவு. வெயில் கிரீம் பூசாம நீளக்கை பெனியன் போட்டிட்டு இறங்குங்கோ, சில கிரீம்ல உள்ள ஒக்சிபென்சோன் முருகைக்குக் கூடாது எண்டு ஹவாயில விக்கவே தடை. கால் ஊண்டுறதெண்டா மணல்ல மட்டும். கல்லுக்கு மேல ஏறி நிண்டு செல்பி எடுக்கிறவைய ஒவ்வொரு முறையும் காணுறன், வாயில ஸ்நோர்க்கல் இருக்கிறதால ஏசக்கூட ஏலாமக் கிடக்கு. முருகையின்ர நிறம் அதுக்குள்ள குடியிருக்கிற பாசியின்ர நிறம், சாப்பாட்டில பெரும் பங்கு குடுக்கிறதும் அந்தப் பாசிதான். தண்ணி வழமையான கோடைச் சூட்ட விட ஒரு பாகை கூடி சில கிழமை நிண்டாலே பாசி வெளிய போயிரும், உள்ள இருக்கிற எலும்பு வெள்ளையாத் தெரியும். வெள்ளையாப் போனது எல்லாம் செத்தது இல்ல, கெதியா தண்ணி குளிந்தா திரும்பும். 1998 இல இலங்கையின்ர மற்றக் கரையில அரைவாசிக்கு மேல வெளிறேக்க எங்கட பக்கம் பெரும்பாலும் தப்பினது.

மருமகள் போறதுக்கு முதல் நாள் எங்கட கிணத்தடிப் பழைய மதில்ல சாந்து உதிந்த இடத்தில ஒரு முருகைக்கல் தெரியிறதக் கண்டு போனால லைட் அடிச்சு எண்ணினவள், 24 எண்டாள். நான் எண்ண 23 தான் வந்தது. திரும்ப எண்ணுவம் எண்டு நிக்க அக்கா சோறு ஆறுது எண்டு கத்திறா.