மரப் பெயர்ப்பலகையில் பெயிண்ட் உரியாமல் இருக்க

வெயிலிலும் மழையிலும் நிற்கும் பலகையில் பெயிண்ட் முதலில் உரிவது ஓரங்களில்தான். மரம் தண்ணீரை அதிகம் குடிப்பது அறுத்த முனைகள் வழியாக. அந்த ஈரம் வெயிலில் ஆவியாகி வெளியேறும்போது பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். அதனால் முகப்புக்கு ஒரு கோட் பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) என்றால் முனைகளுக்கு மூன்று கோட் கொடுங்கள். முதல் கோட்டில் மட்டும் கொஞ்சம் டர்பன்டைன் கலந்தால் நன்றாக உள்ளே இறங்கும்.

கூரான விளிம்பில் பெயிண்ட் மெலிந்துவிடும். 120 நம்பர் உப்புத்தாளால் 3 மி.மீ. அளவுக்கு வளைவாகத் தேய்த்துவிடுங்கள். பின்பக்கத்தையும் விடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளையும், பெயிண்டில் வெடிப்பு விழும்.

பலரும் மறப்பது திருகுத் துளை. பிரைமருக்கு முன்பே துளையிட்டு, உள்ளேயும் தடவி, காய்ந்தபின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு போடுங்கள்.

அப்புறம் எனாமல் இரண்டு கோட், நடுவே ஒரு நாள் இடைவெளி. சுடும் வெயிலில் அடிக்கவே கூடாது: மேல்தோல் சீக்கிரம் காய்ந்து, உள்ளே பெயிண்டின் கரைப்பான் சிக்கி, அதுவும் கொப்புளமாகும். புதுப் பலகை வாங்குவதென்றால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) நல்லது. ஆனால் அதன் ஓரங்களுக்கும் அதே மூன்று கோட் வேண்டும்.