எச்ஆர் சாஃப்ட்வேரில் ஊழியர் தகுதிப் பட்டியல்: எங்கே தொடங்குவது?

ஊழியர்களின் திறன்கள், உரிமங்கள், சான்றிதழ்களை எச்ஆர் (மனிதவள) மென்பொருளில் பட்டியலிடும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கணக்கு, கிடங்கு, விற்பனை என்று துறைவாரியாகத் தகுதிக் குழுக்களைப் போட்டுவிடுவார்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் எக்செல் எல்லாத் துறைக்கும் வேண்டுமே, அது மூன்று குழுக்களில் மூன்று பெயர்களில் நுழைந்துவிடும், அப்புறம் எக்செல் தெரிந்தவர்களைத் தேடினால் பாதிப் பேர்தான் வருவார்கள். எந்த வேலைக்கு எது வேண்டும் என்பதை அந்தந்தப் பணியிடத்தின் (பதவியின்) பதிவில் குறிக்கலாம், பட்டியலில் துறை வேண்டாம்.

படி 1: மென்பொருளைத் திறக்காதீர்கள். தேவையான தகுதிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் எப்படி அளப்பது என்று பக்கத்திலேயே குறியுங்கள். ஃபோர்க்லிஃப்ட் உரிமம் என்றால் உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். மொழியறிவுக்கு ஐரோப்பியப் பொது அளவுகோலின் ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு நிலைகள் ஏற்கெனவே இருக்கின்றன. வெல்டிங்குக்கு நீங்களே நான்கைந்து நிலைகள் வகுக்க வேண்டியிருக்கும்.

படி 2: அளவுகோல். இதில்தான் நேரம் செலவிட வேண்டும். உதாரணமாக எஸ்ஏபி என்ற நிறுவன நிர்வாக மென்பொருளில் அளவுகோலைத் தகுதிக் குழுவுக்குத்தான் கொடுக்கிறோம், உள்ளே வரும் தகுதிகள் அதையே எடுத்துக்கொள்ளும். அதனால் உரிமத்தையும் வெல்டிங்கையும் ஒரே குழுவில் போட்டால், உரிமத்துக்கும் "5-இல் 3" என்று மதிப்பெண் கேட்கும்! ஒரே மாதிரி அளக்கக்கூடியவை ஒரே குழுவில் இருக்கட்டும். நிலைகளுக்குப் பெயர் வைக்கும்போது "சுமார்", "நன்று" வேண்டாம், ஆளுக்கு ஆள் அர்த்தம் மாறும். "மேற்பார்வையில் செய்வார்", "தனியாகச் செய்வார்", "பிறருக்குக் கற்றுத்தருவார்" என்று எழுதினால் மேலாளர்களுக்குள் சண்டை குறையும்.

படி 3: இப்போது குழுக்களை உருவாக்குங்கள். இரண்டு அடுக்கு போதும், மிஞ்சினால் மூன்று. அதற்கும் கீழே போனால் யாரும் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஒவ்வொரு தகுதிக்கும் இரண்டு வரி விளக்கம் கட்டாயம்.

படி 4: காலாவதி. முதலுதவிச் சான்றிதழுக்கு ஒரு செல்லுபடிக் காலம் இருக்கும், அதைத் தகுதியிலேயே பதிந்துவிடலாம். பயன்படுத்தாவிட்டால் மங்கிப்போகும் திறன்களுக்கு எஸ்ஏபி ஓர் அரை ஆயுள் வசதியும் தருகிறது, குறித்த காலம் கடந்தால் தேர்ச்சி பாதியாகிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தொடக்கத்தில் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பேன்; மதிப்பெண் ஏன் குறைந்தது என்று ஊழியர் வந்து கேட்டால் பதில் சொல்வது உங்கள் பாடு.

படி 5: ஒரே ஒரு பணியிடத்துக்குத் தேவையான தகுதிகளையும், அந்த இடத்தில் இருப்பவரின் தகுதிகளையும் பதிந்து, இரண்டையும் ஒப்பிடும் அறிக்கையை ஓட்டிப் பாருங்கள். பற்றாக்குறை சரியாகத் தெரிந்தால் மற்றவர்களை ஏற்றலாம். தெரியவில்லையா, முதலில் குழுவின் அளவுகோலைப் பாருங்கள். பிறகு ஏதாவது தகுதி தேவையில்லை என்றானால் அழிக்காதீர்கள், முடிவுத் தேதி போட்டு நிறுத்துங்கள். அழித்தால் அதோடு இணைந்த ஊழியர்களின் பழைய பதிவும் போய்விடும்.