வீட்டில் வைத்துப் படிப்பிக்க முன்னம்

இலங்கையில் 5 தொடக்கம் 16 வயதுவரை கல்வி கட்டாயம். ஆகவே பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்த முன்னம் வலயக் கல்வி அலுவலகத்தில் கதையுங்கோ. பதிலை எழுத்தில் வாங்குங்கோ.

பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். மூன்றாம் தரப் பிள்ளைக்குக் காலமை இரண்டு மணித்தியாலம் தாராளம். வெய்யில் ஏற முன்னம் தொடங்குங்கோ: 25 நிமிடம் கணக்கு, 10 நிமிடம் முற்றத்தில் ஓட்டம், பிறகு தமிழ். பின்னம் விளங்காட்டி கொப்பியை மூடிப்போட்டு, தோசையை நாலாக வெட்டுங்கோ. இரண்டு துண்டைச் சேர்த்தால் அரைவாசி என்று பிள்ளையே சொல்லும்.

கனபேர் கோட்டை விடுறது அடையாள அட்டையில்தான். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அதிபர் ஊடாக விண்ணப்பம் போகும். உங்கட பிள்ளைக்கு 15 வயதானதும் நீங்கள்தான் கிராம அலுவலரிடம் போகவேணும். பிந்தினால், சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றுற நேரம் அந்தரப்படுவியள்.